லில்லிக்குக் கொஞ்சம் குளிர்

உங்கள் ஜன்னலோரத் தொட்டியில் யாரோ மிச்சத் தேநீரை ஊற்றுகிறார்கள், மேடம். மண்ணின் மேல் படிந்திருக்கும் பழுப்புப் படலத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஊற்றுகிறவர் பாசத்தில்தான் ஊற்றுகிறார், நான் குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் இல்லாமல் செத்த செடிகளைவிடப் பாசத்தில் செத்த செடிகள்தான் அதிகம். மேல்மண்ணைக் கிளறிவிட்டு, கொஞ்ச நாள் யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது தானாகவே தேறிவிடும்.

இனி இந்த வாக்குமூலத் தாளுக்கு வருவோம். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். என் வயது, பழைய தொழில், அக்கா இறந்த விதம், டாக்டர் சொன்னது எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டால் பெரிய தண்டனை ஒன்றும் வராது என்று வக்கீல் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனார். போடுவதற்கு எனக்கும் தடையில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி தப்பாக இருக்கிறது. அந்த வரியோடு இந்தத் தாள் வெளியே போனால் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளும் சிரிப்பார்கள், லில்லி வளர்ப்பவர்களும் சிரிப்பார்கள். அந்த இடம் வரும்போது காட்டுகிறேன். அதற்கு முன் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

என் வாலிபம் முழுக்க அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டே கழிந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. கல்யாணம் ஆகவில்லையே என்று வருத்தப்பட்டவர்கள் மற்றவர்கள்தான். ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வரவேற்பறையைப் பார்க்க வேண்டாம், ஃப்ரிட்ஜைத் திறந்தால் போதும். மேல்தட்டு மாமியாருடையது, கீழ்த்தட்டு மருமகளுடையது என்று எல்லை போட்ட ஃப்ரிட்ஜ்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். வாயுக் கசிவைச் சரிசெய்துவிடுவேன், எல்லைத் தகராறில் மட்டும் தலையிட மாட்டேன்.

லில்லியையும் ஒரு ஃப்ரிட்ஜில்தான் முதன்முதலில் சந்தித்தேன். ஒரு வீட்டில் காய்கறித் தட்டைக் கழற்றினால், துளை போட்ட பையில் மரத்தூளும் அதற்குள் பூண்டு மாதிரி ஏதோ கிழங்குகளும் இருந்தன. அழுகல் என்று நினைத்துக் குப்பைக்கூடையை இழுத்தேன். வீட்டுக்கார அம்மா பதறி ஓடிவந்தார்.

"ஐயோ, அதத் தொடாதீங்க. அது லில்லி. தூங்கிட்டு இருக்கு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் அவர் உட்கார வைத்து விளக்கினார். லில்லி குளிர்ப் பிரதேசத்துப் பூ. குளிர்காலம் வந்து போனால்தான் கிழங்குக்குப் பூக்கும் எண்ணமே வரும். நம் ஊர் மாதிரிச் சூடான இடத்தில் அதற்குக் குளிர்காலம் எங்கே கிடைக்கும்? அதனால் தோண்டி எடுத்து, ஈர மரத்தூளில் பொதிந்து, ஃப்ரிட்ஜில் சில வாரம் வைத்து, குளிர்காலம் வந்துவிட்டதாக அதை ஏமாற்ற வேண்டும். வெளியே எடுத்து நட்டதும் வசந்தம் பிறந்துவிட்டதென்று நம்பிப் பூத்துவிடும். குளிர வேண்டும், ஆனால் உறையக் கூடாது. அதுதான் அதில் இருக்கிற வித்தை. கேட்டதும், இந்தப் பூவை எனக்காகவே படைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஒரு கிழங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

முழங்கால் மக்கர் பண்ணத் தொடங்கியதும் ரிப்பேர் கடையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். அத்தான் காலமாகிவிட்டிருந்தார், பிள்ளைகள் கிடையாது. வீடு அக்கா பெயரில் இருந்தது. அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்களும் எப்போதாவது அவள் குரலைக் கேட்டுவிட்டு நடைமேடை மாறி ஓடியிருப்பீர்கள். வேலை போனாலும் அந்தத் தோரணை போகவில்லை. குளித்துவிட்டு வந்தால், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, குளியலறை தற்போது காலியாக உள்ளது" என்பாள். குழம்பு தீய்ந்துபோனால், "சாப்பாடு சற்றுத் தாமதமாகப் புறப்படும், சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்பாள். அந்த வீட்டில் நான் சிரித்த அளவுக்கு வேறெங்கும் சிரித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் உடைந்த ஓடும் கல்லுமாகக் கிடந்தது. அதைக் கொத்தி, சலித்து, தண்ணீர் தேங்காதபடி மணல் கலந்து ஒரு பாத்தி கட்டினேன். லில்லிக்குத் தலையில் வெயில் வேண்டும், காலில் நிழல் வேண்டும். நல்ல வீட்டில் வாழ்க்கைப்பட்ட பெண் மாதிரி அதற்கும் சில எதிர்பார்ப்புகள் உண்டு. முதல் வருடம் தண்டு நெஞ்சு உயரம் வந்தது, பூ மட்டும் வரவில்லை. காரணத்தைத் தேடினால், அக்காவின் ஆப்பிள். பழுக்கிற ஆப்பிளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு வரும். பக்கத்தில் தூங்குகிற கிழங்கின் மொட்டை அது உள்ளேயே கொன்றுவிடும். வெளியே பார்த்தால் கிழங்கு கொழுகொழுவென்றுதான் இருக்கும்.

சண்டை எதுவும் போடவில்லை. ஆப்பிள் இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் மேல்தட்டில், கிழங்கு கீழே காய்கறித் தட்டில் என்று உடன்பாடு செய்துகொண்டோம். அடுத்தவர் வீட்டில் நான் கேலி செய்த அதே எல்லைக்கோடு.

அப்புறம் பூக்கத் தொடங்கியதும் ஆசை வளர்ந்தது. ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையில் எடுத்து இன்னொன்றின் நுனியில் வைத்து விதை கட்ட வைத்தேன். விதையிலிருந்து பூவைப் பார்க்க வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். போன வருடம்தான் அது பூத்தது. வெள்ளை, தொண்டைக்குள் மட்டும் இளம்பச்சை. அப்படி ஒன்று வேறெங்கும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, இருக்காது என்றே நம்புகிறேன். அக்கா நாற்காலியைப் பாத்தி ஓரமாகப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், இத நீயாடா பண்ணின?"

"பூச்சி பண்ற வேலதான்க்கா. நான் கொஞ்சம் கை கொடுத்தேன்."

"பூச்சிக்குப் பொறந்த புள்ளைக்கு என்ன கர்வம் பாரு."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். யாராவது என் வேலையைப் பார்த்து வாயடைத்து நின்றால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். அது என் பலவீனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வாள். பார்வை மங்கிவிட்டதால் மருந்தை அளந்து ஊசியில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. குப்பி ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் டாக்டர்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை அவர் ஒரே பிடியாக, "தினமும் நடந்தே ஆகணும்மா" என்று சொல்லிவிட்டார். தெருவில் நடக்க வழியில்லை. மோட்டார் சைக்கிள்கள் நம்மை நடக்க விடாது, நாய்கள் நிற்க விடாது. அக்கா யோசித்தாள். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள்.

நான் கிழங்குகளைத் தோண்டி எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து முடித்த மறுவாரம், பின்பக்கம் கொத்தனார் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு, என் பாத்தியின் குறுக்கே.

"பின்பக்கம் முழுக்கத் தளம் போட்டுடலாம்னு இருக்கேன்டா" என்றாள் அக்கா. "சேறு வராது, வழுக்காது, பத்து ரவுண்டு நடக்கலாம். இப்பதான் பாத்தி காலியா இருக்கு. செடி இருக்கறப்ப கைய வச்சா உனக்கு மனசு கஷ்டமா இருக்கும்னுதான் காத்துட்டு இருந்தேன்."

பாருங்கள், அவள் இரக்கப்பட்டுத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். பாத்தி காலியாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. தோட்டம் செய்யாதவர்களின் தப்பு அது. பாத்தி காலியாக இருக்கும்போதுதான் அதில் எல்லாமே நடக்கும், மண் ஆறும், புழு உழும். அதன் மேல் சிமென்ட் கொட்டினால் நான் அத்தனை வருடம் சலித்த மண்ணுக்கு அதோடு மூச்சு நின்றுவிடும்.

கெஞ்சினேன். தொட்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். தொட்டியில் வேர் வெந்துவிடும் என்றேன். பாதி இடம் எடுத்துக்கொள் என்றேன். பாதியில் நடந்தால் தலை சுற்றும் என்றாள். கோபமே படவில்லை. பிளாட்பாரம் மாறிப்போன பயணிக்குச் சொல்வது மாதிரி நிதானமாக, "எனக்கு உசிரு வேணும்டா. பூ அடுத்த வருஷமும் வரும்" என்றாள்.

அது தப்பு என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பச்சைத் தொண்டைப் பூ அப்படியெல்லாம் எங்கேயும் வந்துவிடாது. கொத்தனாருக்கு வேறொரு வேலை முடிய வேண்டியிருந்தது, அடுத்த மாதம் வருகிறேன் என்று போய்விட்டார். அவர் போனதும் நான் ஃப்ரிட்ஜின் குளிர்த் திருகைக் கூட்டிவைத்தேன். எத்தனை ஃப்ரிட்ஜ்களில் எத்தனை முறை அந்தத் திருகைத் தொட்டிருப்பேன். இதுவும் அவற்றில் ஒன்று போலத்தான் இருந்தது. மருந்துக் குப்பியைக் கதவிலிருந்து எடுத்து உள்ளே பின்சுவரை ஒட்டி வைத்தேன். கதவைத் திறந்து திறந்து மூடுவதால் அங்கே சூடாகிவிடும், உள்ளேதான் பத்திரம் என்று அக்காவிடம் சொன்னேன். தம்பி மெக்கானிக் அல்லவா, அவள் தலையாட்டினாள்.

உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் வேலைக்கு ஆகாது என்று மருந்துப் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. எனக்குத் தெரியும். பலர் வீட்டில் நானே எச்சரித்திருக்கிறேன்.

தினமும் காலையில் குப்பியை எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுவேன். ஐஸ் கரைந்து, மருந்து அறைச் சூட்டுக்கு வரும்வரை உருட்டிக்கொண்டே இருப்பேன். சில்லென்று குத்தினால் அக்காவுக்கு வலிக்கும். அவளை வலிக்க விடுவதில் எனக்கு எந்த இஷ்டமும் இல்லை. அவள் சோபாவில் உட்கார்ந்து காத்திருப்பாள். "என்னமோ பொறந்த கொழந்தைய எடுத்துட்டு வர்ற மாதிரி எடுத்துட்டு வர்றான் பாரு" என்று கேலி செய்வாள். இருவரும் சிரிப்போம்.

பால் கட்டியாகியது. தக்காளி கல்லாகியது. அக்கா தட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இது ஃப்ரிட்ஜா, பனிமலையா?" என்றாள்.

"கிழங்குக்குக் குளிர் வேணும்க்கா. நடுவுல நிறுத்தினா பூக்காது."

"சரி, உன் பூ பூக்கட்டும். நான் பால வெட்டித் தின்னுக்கறேன்."

அவளுக்குப் பெருந்தன்மை உண்டு. நான் இல்லையென்று சொல்லவே மாட்டேன்.

சர்க்கரை ஏறத் தொடங்கியது. தாகம் என்றாள், கால் எரிகிறது என்றாள். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை. அவருக்குச் சந்தேகம் வந்தது, மருந்தின் மேல் அல்ல.

"அம்மா, எங்கிட்ட மறைக்காதீங்க. ஒளிச்சு வச்சு ஸ்வீட் சாப்பிடுறீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர். ஆப்பிள் மட்டும்தான். அதுவும் பாதி."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் லேசாகச் சிரித்தேன், அவ்வளவுதான். அவரும் சிரித்தார். வயதானவர்கள் எல்லாரும் இப்படித்தான் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தின்னலடா. நீயாவது நம்புடா."

"நம்புறேன்க்கா" என்றேன்.

அது நூற்றுக்கு நூறு உண்மை. அவள் சொல்வது நிஜம் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் யாரும் அவளை நம்பவில்லை, பக்கத்து வீட்டுத் தையல்காரி உட்பட. அக்கா சர்க்கரை டப்பாவைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். பிறகு ஆப்பிளையும் விட்டாள். ஆப்பிள் டப்பாவை எடுத்துத் தையல்காரியிடம் கொடுத்துவிட்டு வந்து, "இனிமே உன் கிழங்குக்கும் தொந்தரவு இல்ல, டாக்டருக்கும் சந்தேகம் இல்ல" என்றாள். அன்று எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

அறிவிப்புகள் குறைந்தன. குளியலறையிலிருந்து வந்தால் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் கட்டிலில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டாள்.

"கொத்தனாருக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்டேன்டா. நான் இனி எங்க நடக்கப் போறேன். நீ உன் செடிய நட்டுக்கோ. அந்தப் பச்சைக் கழுத்துக்காரி வந்தா மட்டும், எனக்கு இங்கேருந்து தெரியற மாதிரி நடு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, மேடம். போய் ஜன்னலைத் திறந்து, கட்டிலிலிருந்து பார்த்தால் பாத்தியின் எந்த மூலை தெரிகிறது என்று பார்த்து ஒரு குச்சி நட்டுவிட்டு வந்தேன்.

நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. அன்றைக்கே திருகைப் பழையபடி வைத்திருக்கலாமே. புது மருந்து வாங்கியிருக்கலாமே. நானும் யோசித்தேன். ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றேன். ஆனால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். உடம்பு தேறினால் டாக்டர் மறுபடி நடக்கச் சொல்வார். நடக்கச் சொன்னால் அக்காவுக்கு இடம் வேண்டும். இடம் வேண்டுமென்றால் கொத்தனார் வருவார். பழுதின் காரணத்தை விட்டுவிட்டு மேலோட்டமாகச் சரிசெய்துவிட்டு வருகிற மெக்கானிக் நான் அல்ல. திருகைத் தொடாமல் கதவை மூடினேன்.

கடைசி நாள் காலையில் அக்கா எழுந்திருக்கவில்லை. மூச்சு மட்டும் வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் டாக்டரைக் கூப்பிட்டேன், அது அந்தத் தாளில் இருக்கிறது, நன்றி. அவர் ஓடி வந்தார். மருந்து எங்கே என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் தானே ஃப்ரிட்ஜைத் திறந்தார். குப்பியை எடுத்தார். குலுக்கினார். உள்ளே எதுவும் அசையவில்லை. காய்கறித் தட்டில் இருந்த மரத்தூள் பைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க லில்லிப் பைத்தியத்துல இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றார். மனிதர் அழுதுவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் அக்கா கண் திறக்கவே இல்லை.

வீடு இப்போது ரொம்ப அமைதியாக இருக்கிறது. குளித்துவிட்டு வரும்போது யாரும் எதுவும் அறிவிப்பதில்லை. அது எனக்குப் பெரிய இழப்பு, அதை நான் மறைக்கவில்லை.

சரி, அந்த வரி. இதோ, இங்கே இருக்கிறது, படிக்கிறேன். "லில்லிக் கிழங்குகளைப் பாதுகாப்பதற்காக ஃப்ரிட்ஜின் குளிரை அளவுக்கு மீறிக் கூட்டி வைத்திருந்தார். இதனால் மருந்து உறைந்ததைக் கவனக்குறைவால் அறியவில்லை." டாக்டர் அப்படித்தான் நினைத்தார், நீங்களும் அவர் சொன்னதை எழுதிவிட்டீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல முடியாது, நீங்கள் லில்லி வளர்த்ததில்லை.

குளிர வேண்டும், உறையக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். பாலும் தக்காளியும் கல்லாகிற குளிரில் கிழங்கை வைத்தால் உருகும்போது கூழாகிப்போகும். முதல் வருடம் கற்றுக்கொள்கிறவனுக்குக்கூட அது தெரியும். என் பச்சைத் தொண்டைப் பூவை நான் அப்படிக் கொல்வேனா? திருகைத் தொடுவதற்கு முன்பே கிழங்கு எல்லாவற்றையும் எடுத்துக் கூட்டாளியின் கடைக்குக் கொண்டுபோய், அங்கே இருக்கிற நல்ல ஃப்ரிட்ஜில் அளவான குளிரில் வைத்துவிட்டேன். டாக்டர் பார்த்த பைகளில் வெறும் மரத்தூள்தான் இருந்தது. அக்கா ஆப்பிளை விட்டதும் அந்த மரத்தூளுக்காகத்தான். நேற்று கூட்டாளி என்னைப் பார்க்க வந்தபோது, எல்லாவற்றிலும் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறது என்றார். ஒன்றுகூட வீணாகவில்லை. குச்சி இருக்கிற மூலையில் நடச் சொல்லியிருக்கிறேன், அக்காவுக்குக் கொடுத்த வாக்கு அது.

பேனாவை எடுங்கள், மேடம். கிழங்குகளுக்காக என்று இருப்பதை அடித்துவிடுங்கள். அப்படியே அந்தக் கவனக்குறைவு என்ற வார்த்தையையும். இத்தனை வருடத் தொழிலில் அந்தப் பேச்சை நான் யாரிடமும் வாங்கியதில்லை.